வண்டி நிற்கும் காலத்தில் பற்றரி: கேட்டவர்களுக்குப் பதில்

ஸ்காபரோவில் இருந்து ஒரு தம்பி: அண்ணை, கோடையில் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்த் தங்குகிற ட்ரெயிலர் ஒன்று வைத்திருக்கிறேன். ஒக்டோபரில் இருந்து ஏப்ரல் வரை வெளியில் பனிக்குள்தான் நிற்கும். பற்றரியைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டுமா?

கழற்றினால் நல்லது. ஆனால் அதைவிட முக்கியம், முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டா வைக்கிறீர்கள் என்பது. முழுச் சார்ஜில் உள்ள ஈய அமிலப் பற்றரி மைனஸ் 50 பாகையிலும் உறையாது, வெறுமையாகிப் போனதுக்குள் கிட்டத்தட்டத் தண்ணீர்தான் இருக்கும், அது மைனஸ் 8 அளவிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டேனே என்று நினைப்பீர்கள், ஆனால் காஸ் கசிவைக் காட்டுகிற கருவியும் ரேடியோவும் இரவு பகலாகப் பற்றரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கழற்ற முடியாவிட்டால் நெகட்டிவ் வயரையாவது எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது அது கடைசியில்.

அவரே: லிதியத்துக்கு மாறினால்?

லிதியம் அயன் பொஸ்பேட் (LiFePO4, இரும்பு சேர்ந்த லிதியம் வகை) என்றால் பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது, உள்ளே சூடாக்கும் கருவி இல்லாதது அப்படியே பழுதாகும். மாதக்கணக்கில் வைப்பதென்றால் பாதிச் சார்ஜ் போதும். ஈயப் பற்றரிக்கு நேர்மாறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கோண்டாவிலில் இருந்து: மாமா லண்டனில் இருந்து வரும்போது மட்டும் ஓடுகிற வான். வாரம் ஒருக்கால் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடம் விடுகிறேன், அப்படியிருந்தும் பற்றரி படுத்துவிடுகிறது.

அந்தப் பத்து நிமிடம், ஸ்டார்ட்டர் இழுத்ததைத் திருப்பிக் கொடுக்கவே சரி, ஏசியும் லைட்டும் போட்டிருந்தால் அதுவும் இல்லை. பாதிச் சார்ஜில் கிடக்கும் பற்றரியின் ஈயத் தகட்டில் சல்பேற் படிந்து கல்லாகிவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் இறங்கிப் போகும். சார்ஜர் வாங்குவதற்கு முதல் வோல்ட் அளக்கிற ஒரு மல்ரிமீற்றர் வாங்குங்கள். வண்டியை ஓட்டி நிறுத்திவிட்டு, சில மணித்தியாலம் கழித்து அளந்து பாருங்கள்: 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.9க்குக் கீழே என்றால் அன்றைக்கே ஏற்றுங்கள். நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜரை மாட்டிவிட்டால் மாமா வரும் வரைக்கும் நிம்மதி.

நெல்லியடி அக்கா: இன்வேர்ட்டர் பற்றரியில் தண்ணீர் குறைந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றலாமா தம்பி?

ஐயோ, வேண்டாம் அக்கா! உங்கள் கேத்திலுக்குள் எட்டிப் பாருங்கள், அடியில் வெள்ளைக் காவி படிந்திருக்கும். எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் நிலம், தண்ணீரில் அது கரைந்து வருகிறது. கொதித்தால் கொஞ்சம் படியும், மிச்ச உப்பு இன்னும் செறிவாகி பற்றரிக்குள்தான் போகும். கடையில் டிஸ்டில்ட் வோட்டர் கேளுங்கள். அமிலம் ஊற்றவே வேண்டாம், குறைந்தது தண்ணீர் மட்டும்தான். தகடு வெளியே தெரிந்தால் மூடுமளவுக்கு ஊற்றிவிட்டு ஏற்றுங்கள், சார்ஜ் முடிந்த பிறகு குறி வரைக்கும் நிரப்புங்கள். முதலே நிரப்பினால் பொங்கி வழிந்து வீட்டுத் தரையை அரித்துவிடும்.

சாவகச்சேரி: சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்குமாமே?

பழைய கதை. இப்போது வருகிற பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகாது. தகரக் கொட்டிலுக்குள் வைப்பதுதான் கெடுதல், வெப்பம் 10 பாகை கூடினால் தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கொக்குவில்: பழைய சார்ஜரை எப்போதும் மாட்டியே வைத்திருக்கலாமா?

மீற்றரை வைத்துப் பாருங்கள். நிறைந்த பிறகும் 14.5 வோல்ட்டிலேயே நின்றால் அது பற்றரியை அவிக்கிறது, 13.5 அளவுக்கு இறங்கினால் சரி. கூழ்முட்டை நாற்றம் வந்தாலோ பெட்டி ஊதியிருந்தாலோ கிளிப்பைப் பிடுங்காதீர்கள், பொறி பறந்தால் ஐதரசன் வெடிக்கும். முதலில் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து ஜன்னலைத் திறவுங்கள், கிளிப்பைப் பிறகு பார்க்கலாம்.