முதலில் அந்த மயக்க மருந்து சார்ட்டை வாங்குங்கள்

வணக்கம் சார். தைராய்டு ஆபரேஷனில் ஆக்சிஜன் இறங்கி, எட்டு மாதமாகியும் உங்கள் மனைவிக்கு நினைவு தடுமாறுகிறது. தனியார் மருத்துவமனை "அவங்க உடம்பு வாகு" என்று கைகழுவுகிறது, கேஸ் ஷீட்டும் தரவில்லை என்கிறீர்கள்.

வாயால் கேட்டால் தரமாட்டார்கள். எழுதி, பட்டுவாடா ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். 2002 மருத்துவ நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. நாடி, பிரஷர், ஆக்சிஜன் அளவை நிமிடக் கணக்கோடு குறிக்கும் மயக்க மருந்து சார்ட்தான் உயிர்நாடி. என் அம்மாவின் சார்ட்டில் இருபது நிமிடம் வெறும் கட்டங்கள். பின்னால் வேறு மையில் நிரப்பியிருந்தார்கள். எங்கள் வக்கீல் அதைத்தான் முதலில் பிடித்தார். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவர் பரிசோதித்த குறிப்பையும் கேளுங்கள்.

போலீஸ் புகார் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம், மிகக் கடுமையான கவனக்குறைவு இருந்தால்தான் குற்ற வழக்கு என்றது. இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி. மருத்துவமனை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கெடு இரண்டு வருடம். எட்டு மாதம் போய்விட்டதே, இழுக்காதீர்கள்.

சிகிச்சையில் தவறு நடந்தது என்று இன்னொரு மருத்துவமனையின் மயக்க மருத்துவரிடம் எழுத்துபூர்வக் கருத்து வாங்குவதுதான் சிரமம். எங்களை மூன்று பேர் திருப்பி அனுப்பினார்கள்.

அப்புறம், வக்கீல் செலவு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மனைவி பெயரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கும் பேசலாம்.