1,000 கஜம் சுடப் பழக, பழைய .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள் வாங்கலாமா?

நீங்கள் கேட்டது இது: டெக்சாஸில் இருக்கிறீர்கள், கிரீன் கார்டு வந்துவிட்டது, .22 ரைஃபிளில் ஓரளவு கை பழகிவிட்டது. அடுத்து 1,000 கஜத்தில் இரும்புத் தட்டை அடிக்க வேண்டும் என்று ஆசை. ஓய்வுபெறப்போகும் சக ஊழியர் ஒருவர் தன் ரெமிங்டன் 700, .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிளை ஸ்கோப்போடு 900 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். வேட்டைக்கு வைத்திருந்தது, அதிகம் சுடவில்லை என்றும் சொல்கிறார். வாங்கலாமா?

இந்த நோக்கத்துக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். டெக்சாஸிலும் நியூ மெக்சிகோவிலும் பல வருடங்களாக நெடுந்தூரம் சுட்டு வருகிறேன். என்னிடம் ஒரு .300 இருக்கிறது, அதை விற்கும் எண்ணமும் இல்லை. மேக்னத்தை, அதாவது அதிக மருந்து அடைத்த வேகமான தோட்டாவை, குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1,000 கஜத்தில் சுடக் கற்றுக்கொள்வதும் மேக்னம் வைத்திருப்பதும் வேறு வேறு விஷயங்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நெடுந்தூரத்துக்கு மேக்னம்தான் என்ற எண்ணம் சும்மா வந்ததல்ல. ஒஹாயோவில் உள்ள கேம்ப் பெர்ரியில் 1,000 கஜ விம்பிள்டன் கோப்பையை 1935-ல் பென் கம்ஃபர்ட் .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னத்தில் வென்றார். அதற்குப் பிறகு பெரிய தோட்டாக்கள் மீது அமெரிக்கச் சுடுநர்களுக்கு மோகம் கூடியது. .300 வின்செஸ்டர் மேக்னம் 1963-ல் வந்தது. அடிப்புறத்தில் பட்டை வைத்த அதே ஹாலண்ட் குடும்பத்துப் பித்தளைக் கூடுதான், ஆனால் தோட்டாவை ஏற்றி வெளியேற்றும் சாதாரண நீள ஆக்‌ஷனில் அடங்கும்படி குட்டையாக்கினார்கள். அமெரிக்க ராணுவமே தன் எம்2010 ஸ்னைப்பர் ரைஃபிளுக்கு இதைத் தேர்ந்தெடுத்தது. நல்ல தோட்டா, அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் 1963-ல் கிடைத்த குண்டுகள் (தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனைப்பகுதி) வேறு, இன்று கிடைப்பவை வேறு. அந்தக் காலத்தில் காற்றை வெல்ல வேகம் ஒன்றுதான் வழி. இன்று குண்டின் வடிவமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கடல்மட்டத்தில், மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில், 1,000 கஜத்தில் குண்டு எவ்வளவு தள்ளிப்போகும் என்று பாருங்கள். .308 வின்செஸ்டர் தோட்டாவில் 175 கிரெய்ன் (எடை அலகு) குண்டு ஏறத்தாழ 100 அங்குலம் விலகும். 6.5 கிரீட்மோர் என்ற சிறிய தோட்டாவில் 140 கிரெய்ன் மேட்ச் (போட்டித் தர) குண்டு 70 அங்குலத்தை ஒட்டி. .300 மேக்னத்தில் பழைய பாணி 190 கிரெய்ன் குண்டு 75 அங்குலத்தை ஒட்டி. அதே மேக்னத்தில் 215 கிரெய்ன் போன்ற நீளமான கனத்த குண்டைப் போட்டால் 55, 60 அங்குலத்துக்கு இறங்கும். அதாவது, ஏறத்தாழ பாதி உதையும் குறைந்த வெடிமருந்தும் உள்ள 6.5 கிரீட்மோர், சாதாரணக் குண்டு போட்ட மேக்னத்துக்குச் சமமாக நிற்கிறது. மேக்னம் தன் முழு பலத்தைக் காட்ட வேண்டுமானால் அந்தக் கனத்த குண்டுகள் வேண்டும், அவற்றை நீளமாக உட்கார வைக்க மேகசீனில் இடம் வேண்டும், பெரும்பாலும் தோட்டாவை நீங்களே வீட்டில் தயாரிக்கவும் வேண்டும். 1,200 கஜம், 1,500 கஜம் என்று போகும்போது அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. 1,000 கஜத்துக்குள் சுடப் பழகுபவருக்கு அவ்வளவாக இல்லை.

ஏனென்றால் அந்தத் தூரத்தில் குறி தவறுவது பெரும்பாலும் காற்றைத் தவறாகக் கணிப்பதால்தான். 7 மைல் காற்றை 10 மைல் என்று நினைத்துவிட்டால் 6.5 கிரீட்மோரில் 20 அங்குலத்துக்கு மேல் விலகிவிடும், தட்டுக்கு வெளியே போய்விடும். கனத்த குண்டு போட்ட மேக்னத்தில் அந்தப் பிழை 17, 18 அங்குலம் ஆகும். அதுவும் வெளியேதான். புல் எப்படிச் சாய்கிறது, கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது, இருநூறு கஜத்தில் அடிக்கும் காற்றும் எண்ணூறு கஜத்தில் அடிக்கும் காற்றும் ஒன்றுதானா என்று பார்க்கப் பழகுவதற்குக் குறுக்குவழி கிடையாது. நிறைய சுட வேண்டும். சுட்ட குண்டு எங்கே விழுந்தது என்று உங்கள் ஸ்கோப்பிலேயே பார்க்க வேண்டும்.

மேக்னம் இடறுவது இங்கேதான். எட்டு ஒன்பது பவுண்டு எடையுள்ள வேட்டை ரைஃபிளில் .300 வின்செஸ்டர் மேக்னத்தின் உதை சுமார் 25 அடி-பவுண்டுக்கு மேல் போகும், 6.5 கிரீட்மோர் 12, 13 அளவில் நிற்கும். உதைத்ததும் ஸ்கோப் வானத்தைப் பார்க்கிறது, குண்டு விழுந்த இடம் கண்ணில் படுவதே இல்லை. இருபது தோட்டா தாண்டியதும் உடம்பு தானாகவே ட்ரிகரை இழுக்கும் முன் சுருங்க ஆரம்பிக்கும். இதை மனத்திடம் இல்லாதது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எல்லோருக்கும் நடப்பதுதான். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் போக்குவதற்கு மாதக்கணக்கில் .22-க்குத் திரும்ப வேண்டியிருக்கும். பேரல் முனையில் மாட்டும் மசில் பிரேக் போட்டால் உதை கணிசமாகக் குறையும், உண்மைதான். ஆனால் பக்கத்து மேடையில் இருப்பவர் உங்களோடு பேசமாட்டார், காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் மூடியும் இரண்டுமே போட வேண்டியிருக்கும். பின்னாளில் எஃப் கிளாஸ் என்ற நெடுந்தூர ஸ்கோப் ரைஃபிள் போட்டிக்குப் போக நினைத்தால் அங்கே பிரேக்குக்கு அனுமதியும் இல்லை.

அப்புறம் செலவு. கடையில் வாங்கும் மேட்ச் தோட்டா, 6.5 கிரீட்மோரைவிட .300 மேக்னத்தில் எப்போதும் நன்றாகவே விலை கூடுதல். காற்றைக் கற்க ஆயிரக்கணக்கில் சுட வேண்டும் என்னும்போது, ரைஃபிளில் மிச்சம் பிடித்த சில நூறு டாலர் முதல் சில மாதங்களிலேயே கரைந்துவிடும்.

பேரல் ஆயுளையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 70 கிரெய்னுக்கு மேல் மருந்து ஒரு .30 துளை வழியாக எரிந்து வெளியேறுகிறது. தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்கு முன்னால் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடத்தை, அதாவது த்ரோட்டை, அந்த வெப்பம் அரித்துக்கொண்டே வரும். .308 பேரல் 5,000 தோட்டா தாண்டியும் நன்றாகச் சுடும். 6.5 கிரீட்மோருக்கு 2,500, 3,000 என்பார்கள். .300 வின்செஸ்டர் மேக்னத்தில், நெடுந்தூரத் துல்லியம் வேண்டும் என்றால், 1,500 முதல் 2,000 வரைதான் நான் கணக்கில் வைப்பேன். பேரல் சூடாகச் சூடாக, ஓய்வே கொடுக்காமல் சுட்டவர் கையில் இருந்திருந்தால் அதற்கும் குறைவு.

இத்தனைக்கும் பிறகு, பழைய மேக்னங்களைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. வேட்டைக்காரர்கள் விற்கும் .300-களில் பல உண்மையிலேயே குறைவாகச் சுடப்பட்டவை. வாங்கி இரண்டு மூன்று பெட்டி சுடுவார்கள், தோள் வலிக்கும், வருடத்துக்கு ஒருமுறை ஸ்கோப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாலு தோட்டா, வேட்டையில் ஒன்று, அவ்வளவுதான். உங்கள் சக ஊழியர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வாய்ச்சொல்லை வைத்து முடிவு எடுக்காதீர்கள், த்ரோட்டே சொல்லும்.

அதைப் பார்க்க ஒரு போர்ஸ்கோப், அதாவது பேரலுக்குள் நுழைத்துப் பார்க்கும் சின்னக் கேமரா, வேண்டும். கைபேசியில் இணைத்துப் பார்க்கும் டெஸ்லாங் போன்றவை அதிக விலை இல்லை, துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்தும் பார்க்கலாம். முதலில் பேரலைச் செம்பும் கரியும் போகச் சுத்தம் செய்யுங்கள், அழுக்கு பல குறைகளை மறைத்துவிடும். பிறகு த்ரோட்டைப் பாருங்கள். வரிகளின் தொடக்கம் கூர்மையாக இருந்தால் நல்லது. கோடையில் வற்றிய ஏரித் தரைபோல வெடிப்புகள் லேசாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மேக்னத்தில் சீக்கிரமே வந்துவிடும். அந்த வெடிப்புகள் ஆழமாகி, வரிகளின் முனையே கரைந்து, அரிப்பு அங்குலக் கணக்கில் முன்னோக்கிப் போயிருந்தால் அந்த பேரல் முடிந்தது. பேரலின் வாய் விளிம்பில் வெட்டோ நசுங்கலோ இருக்கிறதா என்றும் பாருங்கள். அது சின்ன வேலைதான், மெக்கானிக் திருத்திவிடுவார்.

போல்ட் முகத்தில் (தோட்டாவின் பின்புறத்தைத் தாங்கும் பரப்பில்) ப்ரைமர் படும் இடத்தைச் சுற்றி வட்டமாகக் குழிகள் இருந்தால் யாரோ அளவு மீறிய மருந்து போட்டுச் சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி இருந்தால் நான் அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவேன். ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியை, அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் (ரைஃபிளின் கட்டைக்கும்) நடுவே ஒரு டாலர் நோட்டை விட்டு இழுத்துப் பாருங்கள், பேரல் கட்டையில் எங்கே உரசுகிறது என்று தெரியும். வேட்டை ரைஃபிள்களில் மெல்லிய பேரல்தான் இருக்கும், மூன்று நாலு தோட்டாவில் சூடாகி, குழு (குண்டுகள் சேர்ந்து விழும் இடம்) விரிய ஆரம்பிக்கும். அது குறையல்ல, அதன் வேலையே ஒரு குண்டு சுடுவதுதான். ஆனால் உங்கள் வேலை அது இல்லையே.

ரெமிங்டன் 700 என்பதால் ட்ரிகரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2006 மே முதல் 2014 ஏப்ரல் தொடக்கம் வரை தயாரான எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர்களை, விரல் படாமலே வெடிக்கலாம் என்ற காரணத்தால், நிறுவனமே 2014-ல் திரும்பப் பெற்றது. அதற்கு முந்தைய வாக்கர் ட்ரிகர் மீதும் வழக்குகள் பல உண்டு. எந்த வருடத்து ரைஃபிள் என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். யாரிடம் வாங்கினாலும், சுடும் முன் டிம்னி அல்லது ட்ரிகர்டெக் நிறுவனத்தின் ட்ரிகர் ஒன்று போட்டுவிடுங்கள். இதில் காசு பார்க்கக் கூடாது.

அவர் சேர்த்துத் தரும் ஸ்கோப்புக்கு உங்கள் கணக்கில் பூஜ்யம் போடுங்கள். 100 கஜத்தில் ஜீரோ செய்த (குறி சரிபார்த்து வைத்த) .300 மேக்னத்தை 1,000 கஜத்துக்கு உயர்த்த ஸ்கோப்பை 27, 28 மினிட் (கோண அளவு) திருப்ப வேண்டும். 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும் சாதாரண வேட்டை ஸ்கோப்பில் அவ்வளவு சுழற்றி மறுபடி அதே இடத்துக்குத் திரும்பும் என்று நம்ப முடியாது. வருடக்கணக்கில் மேக்னத்தின் உதையைத் தாங்கிய ஸ்கோப் என்றால் இன்னும் சந்தேகம்தான்.

ஆக, இந்த 900 டாலரில் உங்கள் கைக்கு வருவது ஒரு நல்ல நீள ஆக்‌ஷனும், மேக்னம் அளவு போல்ட் முகமும். மற்றதெல்லாம் மாற்ற வேண்டியவை. பேரலை ஏற்கெனவே முடிந்துபோனதாக வைத்து விலை பேசுங்கள் என்பது, பழைய மேக்னம் வாங்கும் யாருக்கும் நான் சொல்வது. புது பேரலும் அதைப் பொருத்தும் கூலியும் சேர்ந்தால் இந்த ரைஃபிளின் விலையையே தொட்டுவிடும். 500, 550 டாலருக்கு இறங்கி வந்தால், போர்ஸ்கோப்பும் நல்லபடியாகச் சொன்னால், எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகும் எண்ணமும் உங்களுக்கு இருந்தால், வாங்கி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து 1,400 கஜத்துக்கு ஆசை வரும்போது அதன்மேல் கனமான பேரல் ஏற்றிக்கொள்ளலாம்.

இப்போதைக்கு அதே பணத்தில் 6.5 கிரீட்மோரில் ஒரு ரூகர் அமெரிக்கன், சாவேஜ் 110, ஹோவா 1500 போல ஒன்று பாருங்கள், பழைய டிக்கா கிடைத்தால் இன்னும் நல்லது. மிஞ்சும் பணம் முழுக்க ஸ்கோப்புக்கும் தோட்டாவுக்கும் போகட்டும். நியூ மெக்சிகோவின் ராட்டனில் உள்ள விட்டிங்டன் சுடுதள மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 6,000 அடிக்கு மேல் உயரம், காற்று மெலிது, கிரீட்மோர் அங்கே 1,000 கஜத்தைத் தாண்டியும் தாராளமாக எட்டும். மலையடிவாரக் காற்று கற்றுக்கொடுக்கும் பாடத்தை எந்தத் தோட்டாவும் கொடுக்காது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை, இதைப் படிக்கும் மற்ற தமிழர்களுக்காகவும். கிரீன் கார்டு உள்ளவர் ரைஃபிள் வாங்கலாம், கடையில் 4473 படிவத்தில் உங்கள் ஏலியன் எண்ணை எழுத வேண்டும். எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் குடியேற்ற நிலையே இதில் சிக்கும் என்பதால் வழக்கறிஞரிடம் கேட்காமல் தொடாதீர்கள். டெக்சாஸில் ஒரே மாநிலத்தவர் இருவர் தங்களுக்குள் நேரடியாக விற்றுக்கொள்ளலாம். இருந்தாலும் உரிமம் உள்ள கடை வழியாக மாற்றிக்கொள்ளுங்கள். சின்னக் கட்டணம்தான், காகிதம் கையில் இருக்கும்.

கடைசியாக, வேட்டைக்காரர்கள் விற்கும்போது "இதையும் வைத்துக்கொள்" என்று தாங்களே வீட்டில் மருந்து அடைத்த தோட்டாக்களை ஒரு பையில் கொடுப்பது வழக்கம். அன்போடுதான் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைக்கூடச் சுடாதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு என்று லேபிளில் எழுதியிருந்தாலும்கூட. குண்டைப் பிரித்தெடுத்து, மருந்தைக் கொட்டிவிட்டு, பித்தளைக் கூட்டில் பட்டைக்குச் சற்று மேலே உட்புறம் வளையமாகப் பள்ளம் தட்டுகிறதா என்று வளைத்த கம்பி முனையால் தடவிப் பார்த்து, நன்றாக இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.