டிப்ளோமாவோடு நேராக முதுகலையா?

வணக்கம் சகோதரி. பினாங்கில் ஒன்பது வருடமாகப் பிரசவ அறையில் வேலை, கையில் தாதியர் டிப்ளோமாவும் பேறுகாலப் பராமரிப்பில் உயர் டிப்ளோமாவும், நேராக முதுகலை சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் உயர் டிப்ளோமா 5ஆம் நிலை, இளங்கலை 6, முதுகலை 7. அதனால் முதலில் இளங்கலையை முடித்துவிடுங்கள். நான் பகுதிநேரமாகத்தான் படித்தேன். இரவு ஷிப்ட் முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் அசைன்மென்ட் எழுதிய நாட்கள் உண்டு. கஷ்டம்தான், ஆனால் முடியும். அரசு வேலை என்றால் ‘ஹாடியா லத்திஹான் பெர்செக்குத்துவான்’ உதவிநிதி பற்றி இப்போதே விசாரியுங்கள்.

அப்புறம், ஒரு நோட்டு வாங்கி, பிரசவ அறையில் உங்கள் மனதை உறுத்துவதை எழுதி வையுங்கள். தாயின் பெயர் வேண்டாம். வலி ஏறும்போது யார் பக்கத்தில் நின்றார்கள், பார்ட்டோகிராமில் (பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறிக்கும் வரைபடம்) புள்ளி வைக்க ஏன் தாமதமானது என்று. எனக்கு ஆய்வுத் தலைப்பு அப்படி ஒரு பக்கத்திலிருந்துதான் கிடைத்தது.