சொட்டே இல்லை, ஆனால் குறைகிறது

கேள்வி (மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்): அண்ணே, என்னுடையது எட்டு வருடப் பெட்ரோல் கார். இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவத்தை டப்பாவில் மேல்கோடு வரை ஊற்றி வைத்தால் இரண்டு வாரத்தில் கீழ்கோட்டுக்கு வந்துவிடுகிறது. நிறுத்துகிற இடத்தில் ஈரமே இல்லை, ஹீட் முள்ளும் ஏறவில்லை. பட்டறையில் ரேடியேட்டரையே மாற்றிவிடலாம் என்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. இங்கேதான் ஒழுகுகிறது என்று விரல் வைத்துக் காட்டாதவரை எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. நான் பட்டவன், அதனால் சொல்கிறேன். கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் புது ரேடியேட்டர் போட்டுக்கொண்டு வந்தேன், பத்தே நாளில் மறுபடி அதே கதை, கடைசியில் பார்த்தால் இன்ஜினுக்குப் பின்னால் ஹீட்டருக்குப் போகிற ஹோஸில் கிளிப் தளர்ந்து கிடந்தது. சின்னக் கிளிப், அவ்வளவுதான்.

கீழே சொட்டு விழாததில் அதிசயம் ஒன்றுமில்லை. சுமார் 90 டிகிரி சூட்டில் ஓடுகிற இன்ஜின் மேல் ஒரு துளி கசிந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், சாயமும் மற்றதும் காய்ந்து பச்சையாகவோ ரோஸாகவோ வெள்ளையாகவோ பொருக்குத் தட்டி நிற்கும். அதனால் ஈரத்தைத் தேடாமல் அந்தப் பொருக்கைத் தேடுங்கள். காலையில், வண்டி ராத்திரி முழுக்க ஆறின பிறகு, டார்ச்சோடு. ஹோஸ் மாட்டியிருக்கிற ஒவ்வொரு முனையிலும் கிளிப்புக்கு அடியில் பாருங்கள், அப்புறம் ரேடியேட்டரில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேருகிற விளிம்பு, அப்புறம் வாட்டர் பம்ப். பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள், உள்ளே சீல் போனால் அது வழியாகத்தான் வெளியே தெரியும், அங்கிருந்து கோடு இறங்கியிருந்தால் பம்பை மாற்றத்தான் வேண்டும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சில கசிவு வண்டி ஆறியிருக்கும்போது மட்டும்தான் வரும். சூட்டில் ரப்பரும் உலோகமும் விரிந்து இறுகிக்கொள்ளும், மார்கழி விடியற்காலையில் சுருங்கினதும் துளித்துளியாக விடும், நீங்கள் எட்டு மணிக்கு வந்து பார்க்கும்போது காய்ந்திருக்கும். ராத்திரி முன்பக்கத்துக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள், கறை காட்டிக்கொடுக்கும். ஏசி தண்ணீரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கூலன்ட் விரலில் வழவழக்கும், லேசாக இனிப்பு வாசம் அடிக்கும். நாக்கில் மட்டும் வைத்துவிடாதீர்கள், விஷம். நாய், பூனை நக்கினாலும் ஆபத்து, அதனால் தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் சந்தேகப்படுங்கள். மூடி வெறும் மூடி இல்லை, உள்ளே ஸ்பிரிங் போட்ட வால்வு இருக்கிறது, தலையில் 0.9 அல்லது 1.1 என்று போட்டிருக்கும், அந்த அளவு அழுத்தம் வரை பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் கூலன்ட் சீக்கிரமே டப்பாவுக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். ரேடியேட்டர் விலையோடு பார்த்தால் மூடி ஒன்றுமே இல்லை. ஆனால் சூட்டில் திறக்கவே கூடாது, முகத்தில் அடிக்கும்.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் சிக்கவில்லையா? பிரஷர் டெஸ்டர் இருக்கிற பட்டறைக்குப் போங்கள். கையால் அடிக்கிற பம்பும் ஒரு கேஜும்தான் அது. மூடியில் போட்டிருக்கிற அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விட்டுப் பார்த்தால், முள் இறங்குவது தெரியும், பெரும்பாலும் ஓட்டையும் தெரியும். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் உட்காருகிற பக்கம் மிதியடிக்கு அடியில் தொட்டுப் பாருங்கள், ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடு தருகிற சின்ன ரேடியேட்டர், ஒழுகினால் அங்கே நனைந்திருக்கும். அதுவும் இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது, ஆயில் பால்காபி நிறத்துக்கு மாறியிருக்கிறது என்றால்தான் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு, பக்கம் போக வேண்டும்.

உங்கள் ஊர்ப் பக்கம் இன்னொரு ஆசாமியும் உண்டு. தை மாதம் சம்பா அறுப்பு முடிந்தால் வயல் எலிக்கு வீடு போச்சு, இன்ஜின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு ஒயரையும் ஹோஸையும் கொறிக்கும். ஹோஸில் பல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கார் ஷெட்டில் ஒரு தஞ்சாவூர் கிட்டியை, அந்த மூங்கில் எலிப்பொறியைத்தான், வைக்கச் சொல்லி வீட்டில் சொல்லுங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கிளிப் என்று தெரிந்தால் பழையதை முறுக்கிக் கொல்லாமல் புதிதாகப் போடுங்கள். ஸ்குரூ கிளிப்பை வெறியோடு இறுக்கினால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் குழாய் வெடித்துவிடும், அப்புறம் பட்டறைக்காரர் சொன்ன ரேடியேட்டரை நிஜமாகவே வாங்க வேண்டியதுதான்.

கேள்வி (வேதாரண்யம் வாசகி): குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றிக்கொள்ளலாமா அண்ணா?

பதில்: உங்கள் ஊர்த் தண்ணீரையா! உப்பளம் இருக்கிற ஊரம்மா அது. உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், உள்ளே காரையும் கட்டும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, கூலன்ட்டும் அதுவும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ரெடிமிக்ஸ் என்று கேனில் போட்டிருந்தால் அப்படியே ஊற்றலாம், மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது. வழியில் நின்றுபோனால் குடிக்கிற தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம், பிறகு எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): மஞ்சள்தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்கிறார்களே?

பதில்: அடைபடும். ஓட்டையோடு சேர்ந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும்.