தோள்மூட்டு இறங்கி ஆறு வாரம் ஆகிறது, இப்போது வலி இல்லை. மறுபடி பேட்மிண்டன் ஆடலாமா?

ஆடலாம், ஆனால் இப்போது வேண்டாம். வலி சீக்கிரம் போய்விடும். பலம் ரொம்ப நாள் கழித்துத்தான் வரும். நடுவில் உள்ள அந்தக் காலத்தில் ஆடப் போய்த்தான் பலருக்கு இரண்டாவது முறையும் இறங்குகிறது. உங்கள் வயதைச் சொல்லவில்லை. இருபதை ஒட்டிய வயது என்றால் இன்னும் கவனம் தேவை, மறுபடி இறங்குவது அந்த வயதுக்காரர்களுக்குத்தான் அதிகம்.

எனக்கும் தோள் இறங்கியிருக்கிறது, ஆடுகிற கையில்தான். பின்கோட்டில் ஒரு ஷட்டிலை எடுக்கப் போய், நீட்டிய கையோடு விழுந்தேன். முன்பக்கமாக இறங்கியது; பெரும்பாலும் அப்படித்தான் இறங்கும். ஏற்றிவிட்டு ஸ்லிங் போட்டார்கள். மூட்டுக் குழியின் விளிம்பைச் சுற்றியிருக்கும் லேப்ரம் பெரிதாகக் கிழியவில்லை என்று எம்.ஆர்.ஐ.யில் தெரிந்ததால் ஆபரேஷன் இல்லை.

ஸ்லிங்கைக் கழற்றிய அன்றே கிளப்பில் எல்லோரும் எனக்குக் குணமாகிவிட்டதாக முடிவு கட்டிவிட்டார்கள். "இன்னுமா வலிக்குது?" என்று ஆரம்பித்தது. ஸ்ரேயஸ் ஐயருக்கு 2021 மார்ச்சில் தோள் இறங்கி, ஏப்ரலில் ஆபரேஷன் ஆகி, செப்டம்பரில் ஐ.பி.எல். ஆட வரவில்லையா என்று ஒருவர் கேட்டார். வந்தார்தான். தேறி வருவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டு, கூடவே பிசியோவும் இருந்த ஆளுக்கே அத்தனை மாதம் ஆகியிருக்கிறது என்பது அவர் கண்ணில் படவில்லை. இதில் இன்னொன்று. நான் ராக்கெட்டையே தொடாத மாதங்களிலும் ஷட்டில் காசில் என் பங்கைக் கேட்டு வாங்கினார்கள். சொந்த டப்பாவை ஒரு நாளும் திறக்காமல் அடுத்தவர் ஷட்டிலில் ஸ்மாஷ் பழகுகிறவர்களிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. சரி, அதை விடுங்கள்.

பிசியோ கொடுத்த பயிற்சி பார்க்கச் சிரிப்பாக இருக்கும். நல்ல தோள் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, விலாவுக்கும் மேல் கையின் முழங்கைக்கும் நடுவில் சுருட்டிய டவலை வைத்து, மடக்கிய கையின் முன்பாகத்தை மட்டும் மேலே தூக்க வேண்டும். கையில் ஒரு கிலோகூட இருக்காது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் கிடுகிடுவென்று நடுங்கும். ஸ்மாஷ் அடித்தபின் வீசிய கையைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் தோளின் பின்பக்கத் தசைகள்தான். ஜிம்மில் நெஞ்சுக்கும் கைக்கும் மட்டும் எடை தூக்குகிறவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. (ஜிம் நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எல்லோரையும் சொல்லவில்லை.)

கோர்ட்டுக்குப் போகும் முன் பிசியோ ஒரு சோதனை செய்தார். படுக்க வைத்து, கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குக் கொண்டுவந்து, முழங்கையை மடக்கி, மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகப் பின்னால் தள்ளினார். ஸ்மாஷுக்கு ஓங்கும்போதும் கை ஏறக்குறைய அப்படித்தான் போகிறது. அவர் தோளைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வலித்தால் வேறு கதை. 'கழன்றுவிடுமோ' என்ற பயம் முகத்தில் தெரிந்தால் மூட்டு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தமாம். எனக்கு முதல் தடவை அந்தப் பயம் தெரிந்தது. திருப்பி அனுப்பிவிட்டார், நானும் பேசாமல் போய் டவலோடு படுத்துக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், அப்புறம் எனக்கு இறங்கவே இல்லை.

நான் மருத்துவர் இல்லை. ஆபரேஷன் ஆனவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆறு மாதம் போல ஆகும், சர்ஜன் சொல்வதுதான் முடிவு. மற்றவர்கள் பிசியோவிடம் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பலம் நல்ல கையில் இருப்பதில் 90 சதவீதமாவது வந்துவிட்டதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபடி கோர்ட்டில் ஆடத் தொடங்கும்போது முதலில் நெட் ஆட்டமும் டிராப்பும் (நெட்டை ஒட்டி மெதுவாக விழவைப்பது), பிறகு கிளியர் (பின்கோட்டுக்கு உயரத் தூக்கி அடிப்பது), கடைசியில்தான் ஸ்மாஷ். மறுநாள் காலையிலும் தோள் வலித்தால் ஒரு படி பின்னால் போங்கள். டபுள்ஸ் என்றால் கொஞ்ச நாளைக்கு முன்பக்கம் நானே நிற்கிறேன் என்று பார்ட்னரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். பின்கோட்டில் நின்றால், தலைக்கு மேல் ஷட்டில் வந்ததும் கை தானாக ஓங்கிவிடும்.