தாம்பரத்துக்கு அப்பால் 5 வருடம் ஆன தரைத்தளத் தனி வீடு பார்த்திருக்கிறோம். முன்பணம் கொடுக்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

கேள்வியில் உள்ள விவரம்: முடிச்சூர் – மண்ணிவாக்கம் பக்கம், 30-க்கு 40 அடி மனை, அதாவது அரை கிரவுண்ட். இரண்டு படுக்கையறை, மாடி இல்லை, கேட்கும் விலை 75 லட்சம். "புது வீடுதானே, பெரிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?" என்று தரகர் சொல்கிறாராம்.

5 வருட வீடு என்றால் ஐந்து ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டுமே பார்த்த வீடு. 2015 வெள்ளம் அதற்குத் தெரியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் தெரிந்திருக்கும். கட்டடத்தில் இருக்கும் குறையைப் பணம் போட்டுச் சரிசெய்துவிடலாம், மனையின் தாழ்வை முடியாது. அதனால் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பிறகு பார்க்கலாம். முதலில் மட்டம் பாருங்கள்.

கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். 10 மீட்டர் நீளமுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை ஹால் வாசற்படியில் பிடித்து, உள்தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று டேப்பால் அளங்கள். மறுமுனையைத் தெருவின் நடுமேட்டில் ஒரு குச்சியோடு நிறுத்தி, அங்கே ரோட்டிலிருந்து தண்ணீர் நிற்கும் உயரத்தை அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பேஸ்மட்டம், அதாவது ரோட்டைவிட உங்கள் வீட்டுத்தரை இருக்கும் உயரம். 3 அடி இருந்தால் நிம்மதி, 2 அடி பரவாயில்லை. ஒன்றரை அடிக்குக் கீழே என்றால், வேறு எல்லாம் பிடித்திருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம், ரோடு அங்கேயே நிற்காது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவு இருந்தாலும், உள்தெருக்களில் பல இடங்களில் மேலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஓரிரண்டு அங்குலம் ஏறும். அதே தெருவில் 15, 20 வருடம் ஆன வீடு ஒன்றைத் தேடி, அதன் வாசல் படிகளில் எத்தனை மண்ணுக்குள் போயிருக்கின்றன, கேட்டின் அடிப்பாகத்தை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் வீட்டின் அடுத்த 20 வருடம் அதில் தெரியும்.

"செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தால்தான் இங்கே தண்ணி, அது இப்போ கட்டுப்பாட்டில் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், உங்களுக்குக் கீழே. முடிச்சூர், வரதராஜபுரத்துக்கு வரும் தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகள் நிரம்பி வழிந்து மேலிருந்து வருவது. அதற்கு யாரும் ஷட்டர் திறக்க வேண்டியதில்லை.

தண்ணீர் வந்ததா என்று விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. தெருவைப் படியுங்கள். வெளியே இருக்கும் மோட்டார்கள் மேடை கட்டி ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறதா? கேட்டுக்கு உள்ளே ஓரடிக்குத் தடுப்புச் சுவர் எழுப்பி, கார் ஏற சரிவு போட்டிருக்கிறார்களா? எதிர்வீட்டில் இன்வெர்ட்டர் தலைக்கு மேல் தொங்குகிறதா? பயந்தவர்கள் செய்த வேலை இதெல்லாம். காம்பவுண்டுச் சுவரில் ஒரே உயரத்தில் ஓடும் பழுப்புக் கோடும் சாட்சி. இஸ்திரி வண்டிக்காரரிடமும் பால் போடுபவரிடமும் "மழையில் எத்தனை நாள் இந்தத் தெருவுக்குள் வர முடியாது?" என்று கேளுங்கள். அவர்களுக்கு வீடு விற்கும் அவசரம் கிடையாது.

பக்கத்து மனை காலியாக இருந்தால் அது காற்றோட்டம் என்று சந்தோஷப்பட வேண்டாம். நாளைக்கு அவர் 3 அடி மண் கொட்டி உயர்த்தினால், இப்போது அங்கே தேங்கும் தண்ணீரெல்லாம் உங்கள் பக்கம்தான் வரும். சம்ப் மூடியும் செப்டிக் டேங்க் மூடியும் தெரு மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கின்றன என்பதையும் அளங்கள். இரண்டும் மூழ்கினால் கழிவு சம்ப்புக்குள் கலக்கும், கழிவறையில் தண்ணீர் எதிர்த்து ஏறும். வீட்டுக்குள் வெள்ளம் வராமலே வீட்டைக் காலி செய்ய வைக்கும் விஷயம் இது. பாதாளச் சாக்கடை இல்லாத தெரு என்றால் கழிவுநீர் லாரி உள்ளே வந்து திரும்ப முடிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி கட்டடம். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகத்தோடு பாருங்கள். ஒரு நல்ல மழை முடிந்த மறுநாள் இரண்டாம் முறை போங்கள். வெளிச்சுவரின் உள்பக்கம் தரையிலிருந்து 2, 3 அடி வரை பெயின்ட் கொப்பளித்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். பேஸ்மட்ட பீமின் மேல் ஈரத்தடுப்புப் பூச்சு விட்டுப்போயிருக்கலாம், அல்லது உப்பு போர்த் தண்ணீரிலேயே கலவை போட்டுக் கட்டியிருக்கலாம். இரண்டாவது காரணம் மோசம். கம்பியையும் அது தின்னும். சன்ஷேடின் அடிப்பக்கம் கம்பி ஓடும் வரிசையிலேயே வெடிப்பும் துருக்கறையும் தெரிகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். பாத்ரூமுக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள சுவரைக் கட்டிலையோ பீரோவையோ நகர்த்திப் பாருங்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நகத்தால் அழுத்தினால் பட்டி பொடியாக உதிர்கிறதா? அப்படியென்றால் பாத்ரூம் தரையின் டைல்ஸ் இடுக்கோ வடிகுழாய் இணைப்போ கசிகிறது. டைல்ஸ் பெயர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

வெடிப்பு எல்லாமே பயப்பட வேண்டியதல்ல. சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல் பூச்சு காய்ந்ததால் வருவது. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக இருந்தால், பூசும்போது கம்பி வலை வைக்கவில்லை, அவ்வளவுதான். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, ஒரு முனையில் அகன்று, ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவு இருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினியர் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏரிப்பாசன வயலை மண் கொட்டி மேடாக்கிய மனைகளில் இன்னொரு அடையாளமும் உண்டு: தரை டைல்ஸுக்கும் சுவரோரப் பட்டைக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கும். சுவர் நிற்கிறது, உள்ளே நிரப்பிய மண் அமுங்கிவிட்டது என்று அர்த்தம். அதை விலையில் கழித்துக் கேட்கலாம்.

மாடி இல்லாத வீட்டுக்கு முழு வெயிலும் முழு மழையும் ஒரே தளத்தின் மேல்தான். நாலைந்து வாளித் தண்ணீரை மொட்டைமாடியில் ஊற்றுங்கள். வாட்டம் (தளத்தின் சரிவு) சரியாக இருந்தால் கால் மணி நேரத்தில் வடிகுழாய்க்குப் போய்விடும். குட்டையாக நிற்கும் இடத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் சீலிங்கைப் பாருங்கள். தட்டோடுகளைக் கட்டையால் தட்டினால் சில 'டொக்' என்று பொள்ளலாக ஒலிக்கும். பத்தில் ஒன்று என்றால் விடலாம், பாதி என்றால் மொத்தமும் பெயர்த்துப் போட வேண்டும்.

"மேலே தாராளமா ஒரு மாடி எடுக்கலாம்" என்பது எல்லா விற்பனையிலும் வரும் வசனம். அஸ்திவாரம், தூண், கம்பி விவரம் காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கும் மண் பரிசோதனை அறிக்கையும் கேளுங்கள். இல்லையென்றால் மாடிக்கு என்று ஒரு பைசாவும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். மொட்டைமாடியில் தூண் கம்பி விட்டிருப்பதைக் காட்டுவார்கள். 12 மி.மீ. கம்பியோடு புதுக் கம்பி சேர்க்க ஏறக்குறைய 2 அடி மேல்விழல், அதாவது இரண்டு கம்பியும் ஒட்டி ஓடும் நீளம், வேண்டும். ஓரடிதான் நீட்டியிருக்கிறது, அதுவும் துரு செதில் செதிலாக உரிகிறது என்றால், தூணின் தலையை உடைக்காமல் வேலை நடக்காது.

தண்ணீருக்கு, கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை வாங்கிப் போர்த் தண்ணீரில் வையுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாதபோது 2,000 வரை. 1,500 தாண்டினால் கீசரும் குழாய்களும் உப்புப் படிந்து வீணாகும். மோட்டாரை முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் ஓட விடுங்கள். ஆரம்பத்தில் 15 லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிறைந்தது, கடைசியில் எத்தனை நொடி ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்திலேயே நடுவில் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தால், சித்திரையில் லாரித் தண்ணீர்தான். மின்சாரத்தில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அந்த சுவிட்ச் உடனே விழ வேண்டும். பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்திலோ நியூட்ரலிலோ குறை இருக்கலாம்.

பத்திரங்களை வக்கீலிடம் கொடுங்கள், ஆனால் சிலவற்றை நீங்களே பாருங்கள். வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) 1975-லிருந்து இணையத்தில் கிடைக்கிறது, முழுக்க எடுங்கள். பட்டா விற்பவர் பெயரில், உட்பிரிவு எண்ணோடு இருக்க வேண்டும். புல வரைபடத்தை வைத்து நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் டேப் பிடித்து அளங்கள், பக்கத்து சர்வே எண் வாய்க்காலா என்றும் அதில் தெரியும். லேஅவுட்டுக்கு 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று காட்டினால் அது அப்ரூவலே இல்லை. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகளான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி.யின் எண் வேண்டும், அல்லது 2017 விதியின்படி வரன்முறை செய்த உத்தரவு வேண்டும். லேஅவுட்டின் ரோடுகளும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டனவா என்று கேட்க மறக்காதீர்கள். கொடுக்காத தெருவுக்கு ரோடும் வராது, தெருவிளக்கும் வராது. பிளானில் உள்ள பக்கவாட்டு இடைவெளியைக் கட்டிய வீட்டோடு ஒப்பிடுங்கள். மீறல் பெரிதாக இருந்தால் வங்கி கடனைக் குறைக்கும்.

கணக்கில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் சேருங்கள்: 75 லட்சத்துக்கு 6.75 லட்சம். 50 லட்சத்தைத் தொட்டுவிட்டதால் 1 சதவீதம், அதாவது 75,000 ரூபாயை விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் பிடித்து நீங்கள்தான் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அந்தக் கணக்கே வேறு, பிடித்தம் பல மடங்கு ஆகும். ஆடிட்டரைக் கேட்டுவிட்டு ஒப்பந்தம் போடுங்கள்.