இட்டேரி யாருடையது என்று பட்டா சொல்லாது

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டம். தார்ச்சாலையிலிருந்து இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே, இருபுறமும் வேலியுள்ள மண்பாதை) வழியாக வந்து, கடைசி இருநூறு அடி பக்கத்துத் தோட்டத்து வண்டித்தடத்தில் போவோம். அது எங்கள் பெரியப்பா பாகம். அவர் மகன் வெளியூர்க்காரருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் போன தை மாதம் இட்டேரியையும் வளைத்துக் கம்பிவேலி போட்டு, கேட்டைப் பூட்டிவிட்டார். “பட்டாவில் பாதையே இல்லை” என்கிறார். ‘பாதைப் பட்டா’ வாங்கித் தர ஒருவர் நாற்பதாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ‘பாதைப் பட்டா’ என்று ஒன்று வருவாய்த் துறையில் கிடையாது. தாலுகா ஆபீஸ் வாசல் டீக்கடையில் மட்டும்தான் அது கிடைக்கும். பட்டாவில் பாதை இல்லை என்பதும் ஒரு வாதமே அல்ல. யார் பேரில், எந்த சர்வே எண்ணில், எவ்வளவு நிலம் என்பதைத்தான் பட்டா சொல்லும். அதன் மேல் யார் நடக்கலாம் என்று எழுத அதில் இடமே இல்லை.

உங்கள் வழி இரண்டு துண்டு. இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதியிருப்பீர்கள், அதனால்தான் அலைகிறீர்கள்.

முதல் துண்டு இட்டேரி. கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) உள்ள, ஊரின் சர்வே எண்களெல்லாம் எழுதிய ‘அ’ பதிவேட்டில் அதற்குத் தனி சர்வே எண் இருக்கிறதா என்று பாருங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்திலும் பார்க்கலாம். தனி எண் இருந்து, எதிரே ‘வண்டிப்பாதை’, ‘நிலவியல் பாதை’, ‘சர்க்கார் புறம்போக்கு’ என்று ஏதாவது எழுதியிருந்தால் அது அரசு நிலம். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, பிரிவு 7இல் நோட்டீஸ் கொடுத்து, பிரிவு 6இல் வேலியை எடுக்க வேண்டியவர் தாசில்தார். இதற்கு நீங்கள் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அங்கேதான் துரத்துவார்கள். வி.ஏ.ஓ. சர்வேயரைக் காட்டுவார், சர்வேயர் தாசில்தாரைக் காட்டுவார், தாசில்தார் “இது உரிமையியல் பிரச்சினை” என்று ஒரே வரியில் மனுவை முடிப்பார். தன் பதிவேட்டில் புறம்போக்கு என்று எழுதி வைத்திருக்கும் நிலத்தில் என்ன உரிமையியல் பிரச்சினை என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மனுவின் மேல் என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். உயர் நீதிமன்றம் போனாலும் பெரும்பாலும் “இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்கவும்” என்று அதே தாசில்தாருக்குத்தான் உத்தரவு வரும்.

இங்கே வேலி போட்டவர் ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டக்கூடும்: பி-மெமோ ரசீது. “நான் அரசுக்குப் பணம் கட்டுகிறேன், இடம் என்னுடையது” என்பார். பி-மெமோ என்பது ஆக்கிரமிப்புக்குப் போடும் தண்டம். அதைக் கட்டியவர் இடம் அரசுடையது என்று தானே ஒப்புக்கொண்டவர். கிடைத்தால் ஒரு நகல் எடுத்து வையுங்கள். 2சி பட்டாவும் அப்படித்தான். புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்கத் தருவது, மண்ணுக்கு அல்ல.

‘அ’ பதிவேட்டில் இட்டேரிக்குத் தனி எண் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் 1980களில் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது விடுபட்டவை நிறைய. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் பழைய புலப்படத்தையும் (சர்வே எண்ணை அளந்து வரைந்த படம்) சான்றிட்ட நகலாகக் கேளுங்கள். “பழசெல்லாம் செல்லரித்துப் போச்சு” என்பார்கள். மாவட்ட நில அளவை அலுவலகம் வரை கேளுங்கள்.

இரண்டாவது துண்டுதான் சிக்கல். பெரியப்பா பாகத்துக்குள் போகும் தடம் இப்போது வாங்கியவரின் பட்டா நிலம். அங்கே தாசில்தாருக்கு வேலை இல்லை. புலப்படத்தில் அந்த எண்ணுக்குள் இரட்டைப் புள்ளிக்கோடு போனால் வண்டித்தடம், ஒற்றைக் கோடு போனால் நடைபாதை. அளந்த காலத்தில் தடம் இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. நிலம் பொதுவாகிவிட்டது என்று அர்த்தமல்ல. ஊராட்சித் தீர்மானம் போட்டால் போதும் என்பவரையும் நம்பாதீர்கள். தனியார் நிலத்தைத் தீர்மானம் பொதுப்பாதையாக்காது.

பத்திரங்களைப் பாருங்கள். “மாமூல் தடத்தில் ஆள், கால்நடை, வண்டி போக வர பாத்தியம் உள்பட” என்ற வரி உங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வாங்கியவரின் கிரயப் பத்திரத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் போடுங்கள். அடுத்தவர் பத்திரம் தரமாட்டார்கள் என்று சொல்வது பொய். விற்பனைப் பத்திர நகல் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். அவருடைய செக்குபந்தியிலேயே (நான்கு எல்லை விவரம்) ‘வண்டித்தடத்துக்கு வடக்கு’ என்று எழுதியிருந்தால் அவர் இனி என்ன பேச முடியும்?

பத்திரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால், அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போவது போன்ற உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்காமல், வெளிப்படையாக, தடையில்லாமல் 20 வருடம் போய் வந்திருந்தால் உரிமை உண்டு. ஆனால் தடை விழுந்த 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். உங்களுக்குத் தை மாதமே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. கலெக்டரிடம் திங்கள்கிழமை மனு கொடுப்பதாலோ தாலுகாவில் வருடம் ஒருமுறை நடக்கும் ஜமாபந்தியில் கொடுப்பதாலோ அது நிற்காது. மனு ரசீதுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே பலர் அந்த 2 வருடத்தைத் தொலைக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்னதுதான் முக்கியம்: இரண்டும் ஒரே குடும்பச் சொத்து. ஒரே சொத்து பாகமாகும்போது, ஒரு பாகத்துக்கு இன்னொன்றின் வழியாகப் போவதைத் தவிர வழியே இல்லையென்றால், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் அவசிய உரிமை உண்டு. 20 வருடக் கணக்கு இதற்கு வேண்டாம். நிலத்தை வெளியாளுக்கு விற்றாலும் அந்தச் சுமை நிலத்தோடு போகும். ஆனால் ‘வழியே இல்லை’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். சுற்றுவழி, சேறு, டிராக்டர் திரும்பாது என்பதெல்லாம் செல்லாது. தெற்கே ஒரு தடம் இருந்தாலும் இந்த உரிமை போச்சு. பாகம் பிரித்த அன்று வழியில்லாமல் இருந்து, பின்னால் வேறு வழி கிடைத்தாலும் போச்சு. அதனால்தான் சொல்கிறேன்: “பேசாமல் அந்தப் பக்கம் பத்தடி வாங்கிப் போட்டுடலாங்க” என்று நாற்பதாயிரம் கேட்ட அதே புரோக்கர் அடுத்த வாரம் வருவார். கமிஷன் அவருக்கு, அவசிய உரிமை இழப்பு உங்களுக்கு. பத்திர பாத்தியமும் 20 வருட உரிமையும் அதனால் போகாது. ஆனால் அவை கையில் இருக்கின்றனவா என்று தெரிவதற்கு முன் வாங்காதீர்கள்.

நகல்கள் வந்ததும் சிவில் வக்கீலிடம் போய், தடத்துக்கு மட்டும் வழக்குப் போடுங்கள், உறுத்துக்கட்டளையோடு (தடத்தை மறிக்கக்கூடாது என்ற கோர்ட் உத்தரவு) வேலியை அகற்றும் பரிகாரமும் சேர்த்து. இட்டேரிக்குத் தாசில்தாரிடம் தனி மனு. அதுவரை கேட் பூட்டை உடைக்காதீர்கள். உடைத்தால் போலீஸ் ஸ்டேஷனில் முதல் புகார் உங்கள் மேல்தான் பதிவாகும்.